மதகுப் பெட்டிக்குப் பதில் சொல்லக் கற்பித்தவர்

அந்த அம்மையாரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் அதற்குப் பதில் வந்தே தீரும். உடனே வரலாம், மூன்று வாரம் கழித்தும் வரலாம். 'ஆம்' என்று வருவதைவிட 'இல்லை' என்று வருவதே மிகுதி. ஆனால், வராமல் இருந்ததில்லை. என் அறுபத்தெட்டு ஆண்டு வாழ்க்கையில் இத்தன்மையுடைய ஒருவரை நான் அவருக்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்க இயலாத நிலையில், கேட்காமல் எழுதுவது முறையன்று எனக் கருதுகிறேன்.

நான் வேலை செய்தது கோலா கிளாவாங்கிலிருந்து மலைப்பக்கமாக உள்ளே செல்லும் சாலையில் அமைந்த ஒரு செம்பனைத் தோட்டம். பழக்குலைகளைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் ஆலையும் அதனுள்ளேயே இருந்தது. ஆலையின் கழிவுநீர், வரிசையாக வெட்டிய குளங்களில் பல வாரம் தங்கித் தெளிந்து, கடைசிக் குளத்திலிருந்து ஒரு மதகின் வழியாகச் சிற்றாற்றில் இறங்கும். அந்த மதகுக்குக் காவல் நான். மதகின் இரும்புக் கதவு பல் வைத்த தண்டில் படிப்படியாக ஏறும். ஒரு படி என்பது நான்கு விரற்கடை. ஆற்றின் ஓட்டத்தைக் கருதி எத்தனை படி ஏற்றலாம் என்பதை ஆலையில் முடிவு செய்வார்கள். மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, எங்களை மேற்பார்க்கும் மண்டோர் வாக்கிடாக்கியில் "ஒரு படி ஏத்து" என்பார். நான் கைச்சக்கரத்தைச் சுற்றி ஏற்றிவிட்டு "ஏத்தியாச்சு" என்பேன். பத்தொன்பது ஆண்டு இவ்வாறே நடந்தது. அளவுக்கு மேல் திறந்துவிட்டால் தெளியாத நீர் ஆற்றில் இறங்கிவிடும். கீழே கம்பத்தில், அதாவது ஆற்றோரக் கிராமத்தில், அந்த ஆற்று நீரைத் தங்கள் குளங்களுக்குப் பாய்ச்சி மீன் வளர்க்கும் மலாய்க் குடும்பங்கள் இருந்தன.

பிறகு, மதகைக் கணினி கொண்டு இயக்குவது என நிர்வாகம் முடிவு செய்தது. அதற்காகச் சிரம்பானில் இருந்த ஒரு சிறு நிறுவனத்திலிருந்து வந்தவர்தான் அம்மையார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். மெலிந்த உருவம்; சேற்றுக்குப் பயப்படாத கேன்வஸ் காலணி; ரப்பர் வளையம் மாட்டிய ஒரு சிறு குறிப்பேடு; சீனியும் பாலும் சேராத தே-ஓ தேநீர் நிரப்பிய குடுவை. தோட்டத்தில் எல்லாரும் அவரை 'மிஸ்' என்றார்கள். என்னை அவர் 'அண்ணே' என்றார். வந்தவுடன் மதகை இயக்கும் கணினிப் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போய்விடவில்லை. இரண்டு வாரம் மதகடியில் ஓர் உர மூட்டையின் மேல் அமர்ந்து, நான் செய்வதையும் மண்டோர் சொல்வதையும் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார்.

மண்டோர் குறும்புக்காரர். "இனிமே உனக்கென்னாப்பா, பெட்டி ஏத்தும், பெட்டி இறக்கும். நீ சாமி மாதிரி உக்காந்துக்கலாம்லா" என்று என்னைச் சீண்டினார். அதில் சிறிதளவு முள்ளும் இருந்தது. வேலை போய்விடுமோ என்ற அச்சம் எனக்கும் இருந்தது. எனவே அம்மையாரிடமே நேராகக் கேட்டேன். அவர் சற்று யோசித்து, "பெட்டி வந்த பிறகும் மதகடியில ஆள் இருக்கணும்னு என் அறிக்கையில எழுதியிருக்கேண்ணே. அவங்க ஒத்துக்குவாங்களான்னு தெரியாது" என்றார். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நிர்வாகம் ஒத்துக்கொண்டது. கதவைப் பார்த்துக்கொள்ளவும் சக்கரத்துக்கு எண்ணெய் இடவும் என்னை அங்கேயே வைத்தார்கள்.

இன்னொரு நாள், ஆற்றில் வெள்ளம் ஏறினால் இப்பெட்டி தானாகவே எனக்குச் சொல்லுமா எனக் கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார். தோட்டத்தில் இச்சொற்றொடருக்கு 'மறந்துவிடு' என்பதே பொருள். ஆகவே நானும் மறந்துவிட்டேன். மூன்று வாரம் சென்றபின் ஒரு காலைப்பொழுதில், குறிப்பேட்டைத் திறந்தபடியே என்னிடம் வந்தார். இயலாது என்றும், அதற்கு ஆற்றில் தனியாக ஒரு மிதவை வேண்டும் என்றும், நிர்வாகம் அதற்கு இசையவில்லை என்றும், கேட்டவர் நான் என்பதைப் பெயரோடு எழுதிக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். நிர்வாகத்துக்கு நான் எழுதிய எத்தனையோ மனுக்களுக்கு இல்லை என்ற சொல்கூட வந்ததில்லை.

அவர் இயல்பு பெட்டிக்கும் இருந்தது என்பதை ஒரு வேடிக்கையால் அறிந்தேன். மண்டோர் ஒருமுறை, "மிஸ், நாளைக்கு லாட்டரியில என்னா நாலு நம்பர் வரும்னு இதுகிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அம்மையார் சிரிக்கவில்லை. "கேட்டுப் பாக்கலாமே" என்று மடிக்கணினியைத் திறந்து ஏதோ தட்டினார். பெட்டியிலுள்ள ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டாம். இல்லாத ஓர் எண்ணைச் சொல்லி அழைத்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் திரையில் வந்தது. அதன் பொருளை எங்களுக்குச் சொன்னார்: 'அந்த வேலை இங்கே கிடையாது.'

"அட, மரியாதையாச் சொல்லுதே" என்றார் மண்டோர்.

அன்று பெய்த மழையில் மற்றவர்கள் லோரி ஏறிப் போய்விட்டார்கள். நானும் அவரும் மதகடிக் குடிசையில் ஒதுங்கியிருந்தோம். பெட்டி எவ்வாறு பேசுகிறது என்று கேட்டேன். ஆறாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டவனுக்கு இது எதற்கு என எண்ணாமல், பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். அத்தாள் இன்றும் சிரம்பானின் ரஹாங் பகுதியில் நான் குடியிருக்கும் வீட்டில் இருக்கிறது. ஆகையால், நினைவை மட்டும் நம்பி இதை எழுதவில்லை.

ஓர் இடத்திலுள்ள கணினி, தொலைவிலுள்ள மற்றொரு கணினியை அழைத்து வேலை வாங்கும் முறை இது. ஆலையில் இருப்பது அழைக்கும் கணினி. மதகடிப் பெட்டி, அழைப்பை ஏற்றுப் பணி செய்வது. பணி செய்யும் பக்கத்துக்கென்று 'சி' என்னும் கணினி மொழியில், முன்னோடிகள் சில செயற்கூறுகளை ஆக்கி ஒரு தொகுப்பாக வைத்திருக்கிறார்களாம். அவற்றை எடுத்து முறையாகக் கோப்பதே தம் வேலை என்றார் அம்மையார்.

முதல் செயற்கூறு, அழைப்பு வந்து சேர ஒரு வாசலை அமைக்கிறது. அடுத்தது, 'இன்ன வேலையைத் தேடி யார் வந்தாலும் இந்த வாசலுக்கு அனுப்புக' எனக் காவல் கொட்டகையில் பெயர் கொடுத்து வைக்கிறது. மூன்றாவது, காத்திருப்பது. அது காத்திருக்கத் தொடங்கிவிட்டால் திரும்பி வருவதே இல்லை. அதற்கடுத்த வரியில், 'இங்கே வந்திருக்கக் கூடாது' என்று ஒரு செய்தியை அவர் எழுதியிருந்தார். "இந்த வரி என்னைக்கும் ஓடக் கூடாதுண்ணே. ஓடினா, காத்திருந்தவன் எழுந்து போயிட்டான்னு அர்த்தம்" என்றார். ஒருநாளும் ஓடக் கூடாத ஒரு வரியை, அது ஓடிவிட்டால் என் செய்வது என்று எண்ணி எழுதி வைக்கும் கருத்து என்னைத் திகைக்க வைத்தது.

அழைப்பு வந்ததும் அதிலுள்ள பொட்டலத்தைப் பிரிக்க ஒரு செயற்கூறு. பதிலை அனுப்ப ஒன்று. பிரிப்பதற்காகக் கடன் வாங்கிய நினைவிடத்தைத் திருப்பிக் கொடுக்க ஒன்று. திருப்பிக் கொடுக்க மறந்தால் என்னாகும் என்றேன். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது என்றும், சில மாதத்தில் பெட்டிக்கு மூச்சு முட்டும் என்றும் சொன்னார். மறுத்துச் சொல்வதற்கு மட்டும் தனித்தனியே பல இருந்தன. வேலை இங்கே இல்லை என்பதற்கு ஒன்று. நீ சொன்னதைப் பிரிக்க முடியவில்லை என்பதற்கு மற்றொன்று. உனக்கு அந்த அதிகாரம் போதாது என்பதற்கும், குற்றம் என் பக்கத்தில் என்பதற்கும் வேறு வேறு. மனிதர்களுக்குள்ளே வாயை மூடிக்கொள்வது ஒன்றே மறுப்பாக இருக்க, இயந்திரத்துக்கு இத்தனை நேர்மையான மறுப்புகளை யாரோ எண்ணி எண்ணிச் செய்து வைத்திருக்கிறார்களே என வியந்தேன்.

எல்லாவற்றினும் என்னைக் கவர்ந்தது பூஜ்யம் என்னும் எண்ணுடைய வேலை. அது ஒன்றுமே செய்யாது. அழைத்தால், 'இருக்கிறேன்' என்று மட்டும் பதில் கொடுக்கும். எந்தப் பணிநிரலை எழுதினாலும் அதில் பூஜ்யத்தை வைப்பது மரபாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆலை கேட்கும். பெட்டி 'இருக்கிறேன்' என்னும். அம்மையாருடைய தந்தையார் கெமாஸ் ரயில் நிலையத்தில் வேலை செய்தவர். அம்மையார் பிறந்து வளர்ந்தது ரயில்வே குடியிருப்பில். ஒரு நிலையத்தின் மணிக்கு அடுத்த நிலையம் திருப்பி மணியடித்துப் பதில் தராமல் ரயில் நகராது என்று அன்று சொன்னார். இப்பழக்கம் அங்கிருந்துதான் அவருக்கு வந்ததோ, நான் அறியேன்.

பெட்டி நான்கு ஆண்டு பழுதின்றி உழைத்தது. ஐந்தாம் ஆண்டில், ஒரு பிற்பகலில் கனத்த மழை பிடித்தது. முதற்குளத்துக் குழாய் அடைத்துக்கொள்ள, நான் அங்கே தனியாகக் குப்பையை அகற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், மதகுக் கதவு நான்கு படி ஏறி நிற்கிறது. கரிய நீர் ஆற்றில் பாய்கிறது. அந்நேரத்தில் நான்கு படி ஏற்ற யாரும் சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய்க் கைச்சக்கரத்தைப் பிடித்து இறக்கத் தொடங்கினேன். அப்போதுதான் மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவர் கண்டது, சேறு படிந்த என் இரு கைகளும் சக்கரத்தின்மேல் இருப்பதை.

மறுநாள் கம்பத்தில் மீன்கள் மிதந்தன. எங்களுக்கு மிக அருகே குளம் வைத்திருந்த முதியவர் ஒருவர், மலாய்ப் பெரியவர்களை அழைக்கும் முறையில் பாக்சிக் என்று அவரை அழைப்போம், மதகடிக்கே வந்து என்னைப் பார்த்து மலாயில் கத்தினார். இருபது ஆண்டுக்கு மேலாக வழியில் கண்டால் கையுயர்த்தும் மனிதர் அவர்.

ஆலைக் கணினியின் பதிவில், அன்று இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: ஒரு படி ஏறு. மதகடிப் பெட்டி சிறியது; அதில் பதிவு வைக்கும் வசதி இல்லை. மானேஜர் சிரம்பானுக்குத் தொலைபேசியில் அழைத்து, கைபடாமல் கதவு கூடுதலாக ஏற வழியுண்டா என்று அம்மையாரைக் கேட்டார். அம்மையார் ஆலையின் பதிவைத் தம் இடத்திலிருந்தே சரிபார்த்து, இல்லை என்று பதில் சொன்னார்.

அந்த 'இல்லை' என் தலையில் இறங்கியது. பெட்டி என் வேலையைப் பறித்ததில் எனக்கு வன்மம் என்றும், பெட்டிக்குக் கெட்ட பெயர் வரவேண்டும் என்று நானே சக்கரத்தைச் சுற்றினேன் என்றும் பேச்சு எழுந்தது. பத்து நாளில் விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை நீக்கம், குடியிருக்கும் வீட்டையும் காலி செய்ய வேண்டும் எனக் கடிதம் வந்தது. என் துணைவியார் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டார். நான் செய்யவில்லை என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

நான்காவது நாள் அம்மையார் தாமாகவே வந்தார். யாரும் அழைக்கவில்லை. என்னைக் கண்டதும், "பாக்காமலேயே பதில் சொல்லிட்டேண்ணே. அதான் பாக்க வந்தேன்" என்றார். கோபத்தில் இருந்த நான் உட்காரும்படிகூடச் சொல்லவில்லை. அவரே உர மூட்டையைத் தேடி எடுத்துப் போட்டு அமர்ந்தார். குறிப்பேட்டைத் திறந்து, பெட்டி வருவதற்கு முன் இந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்று முதலிலிருந்து கேட்டார்.

முன்பே பார்த்து எழுதியதுதானே என்றேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். மண்டோர் 'ஒரு படி ஏத்து' என்பார், நான் ஏற்றுவேன், 'ஏத்தியாச்சு' என்பேன், சில நாள் மழையில் என் குரல் அங்கே போய்ச் சேராது, அவர் மறுபடி 'ஒரு படி ஏத்து' என்பார்.

"அப்ப மறுபடி ஏத்துவீங்களா?"

"எதுக்கு மிஸ்? அதான் ஏத்தியாச்சே. ஏத்திட்டேன்லான்னு திரும்பச் சொல்வேன்."

"இது புதுசா இன்னொரு படி இல்லை, அதே படிதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குரல்லேயே தெரியும் மிஸ். பதில் காதுல விழலைன்னு கத்துறவரு வேற மாதிரி கத்துவாரு."

அம்மையார் எழுதுவதை நிறுத்திவிட்டார். பேனாவைக் குறிப்பேட்டின் நடுவே வைத்து மூடினார். பிறகு எழுந்து, குடிசைக் கூரைமேல் நிற்கும் அன்டெனாவைப் பார்த்து, அதற்கும் ஆலைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று கேட்டார். செம்பனைதான் இருக்கிறது என்றேன். பெட்டியைப் பொருத்திய காலத்தில் அவ்விடத்துப் பழைய மரங்களை வெட்டிக் கன்று நட்டிருந்தார்கள். கூரையில் ஏறினால் ஆலையின் புகைபோக்கி தெரியும். நான்கு ஆண்டில் அக்கன்றுகள் அன்டெனாவுக்கு மேல் மட்டை விரித்துவிட்டன. இதை நான் நாள்தோறும் கண்டேன். இதற்குப் பொருள் உண்டு என்பதை நான் அறியவில்லை. சிரம்பானில் இருந்த அவர் மரத்தையே காணவில்லை.

அவர் விளக்கியதை, எனக்கு விளங்கிய வண்ணம் எழுதுகிறேன். ஆலையின் அன்டெனா உயரமானது, வலுவும் மிகுதி. மதகடிப் பெட்டி சூரிய ஒளி மின்கலத்தில் ஓடுவதால் அதன் குரல் மெலிது. மட்டைகள் மழையில் நனைந்துவிட்டால், ஆலை பேசுவது எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசுவது ஆலைக்குக் கேட்காது. ஆலை 'ஒரு படி ஏறு' என்றது. பெட்டி ஏற்றிவிட்டு, 'ஏற்றினேன்' என்றது. அப்பதில் நனைந்த மட்டைகளில் தொலைந்தது. சில நொடி காத்திருந்த ஆலைக் கணினி, அதே அழைப்பை மறுபடி அனுப்பியது. அதைப் பொறுத்தவரை அது ஒரே கட்டளை. ஆகவே பதிவிலும் ஒன்றே. பெட்டியோ ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு படி ஏற்றியது; அப்படித்தான் நான்கு படி.

ஒரே அழைப்பு இருமுறை வந்தால், அதை எண்ணைக் கொண்டு அடையாளம் கண்டு, வேலையை மறுபடி செய்யாமல் முன்பு சொன்ன பதிலையே திருப்பி அனுப்பும் செயற்கூறும் அத்தொகுப்பில் உண்டாம். தொடக்கத்தில் ஒரே ஒரு வரியில் அதை அழைத்திருந்தால் போதும். பிறகு அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஒருமுறை நினைவு வைக்கச் சொல்லிவிட்டால், இனி மறந்துவிடு என்று சொல்வதற்கு வழியே இல்லையாம். அந்த வரியை அவர் எழுதவில்லை. சிரம்பானில் ஒரே மேசையின்மேல் இரண்டு கணினிகளை வைத்துச் சோதித்தபோது ஒரு பதிலும் தொலையவில்லை. ஆகவே தேவை தோன்றவில்லை.

"அது ஒரு தப்பு. இன்னொண்ணு அதைவிடப் பெரிசுண்ணே" என்றார். "மண்டோர் சொன்னதை அப்படியே எழுதிட்டேன், ஒரு படி ஏறுன்னு. ரெண்டாவது படியில நில்லுங்கிற மாதிரி எழுதியிருக்கணும். அதைப் பத்துத் தடவை சொன்னாலும் கதவு ரெண்டாவது படியிலதான் நிக்கும். நீங்க மனுசன், அவர் திருப்பிச் சொன்னதை நீங்களே தள்ளிட்டீங்க. ரெண்டு வாரம் உக்காந்து பாத்தேன், நீங்க ஏத்தினதை எழுதினேன். ஏத்தாம விட்டதை நான் பாக்கவே இல்லை."

என் பத்தொன்பது ஆண்டு உழைப்பில், நான் ஏற்றாமல் விட்டதும் ஒரு வேலை என்று அன்றுதான் நான் அறிந்தேன்.

ஆயினும், கண்ணால் கண்டாலன்றி மானேஜர் நம்பமாட்டார் அல்லவா? மழைக்காகக் காத்திருந்தோம். இரண்டாம் நாள் பிற்பகலில் பெய்தது. மதகின் முன்னே பலகைகளை இறக்கி நீரைத் தடுத்துவிட்டு, மானேஜரையும் மண்டோரையும் வரவழைத்தார். கைச்சக்கரத்தைச் சங்கிலியிட்டுப் பூட்டி, சாவியை மானேஜரிடம் கொடுத்தார். என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். நான் மழையில் கைகட்டி நின்றேன். ஆலையில் இருந்தவரிடம், ஒரே ஒரு முறை ஒரு படி ஏற்றும்படி தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். கதவு ஒரு படி ஏறியது. சில நொடி கழித்து, யாரும் தொடாமலேயே, இரண்டாம் படி ஏறியது. பிறகு மூன்றாம் படி. அம்மையார் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். மண்டோர் தொப்பியைக் கழற்றி, மழையில் வெறுந்தலையோடு நின்றார். என்னை அவர் பார்க்கவில்லை.

குடிசைக்குள் வந்ததும் மானேஜர், இதைக் கருவிக் கோளாறு என்று எழுதிவிடலாமே என்றார். இரு தரப்புக்கும் அது நல்லது என்ற எண்ணத்தில் சொன்னாரே தவிர, தீய நோக்கம் அவருக்கு இல்லை.

"கருவி சொன்னதைச் செஞ்சது சார். சொன்னது நான்" என்றார் அம்மையார்.

அறிக்கையை அன்றே எழுதினார். மானேஜரிடம் கொடுப்பதற்கு முன் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். இரு பிழைகளும் தம்முடையவை என்றும், விசாரித்தபோது நேரில் காணாமல் தாம் தந்த பதில் தவறானது என்றும், அதனால் ஒரு குற்றமற்ற தொழிலாளி பழிக்கு ஆளானார் என்றும் அதில் இருந்தது. உங்கள் வேலை போய்விடுமா என்று கேட்டேன். "போகலாம்ணே" என்றார். விடுபட்ட வரியையும் அன்றைக்கே எழுதிச் சேர்த்தார். கட்டளையையும் 'இந்தப் படியில் நில்' என மாற்றினார். அடுத்த நாள் மானேஜர் என்னை அழைத்து, விசாரணை இல்லை, போய் வேலையைப் பார் என்றார். அம்மையார் வாசலிலேயே நின்றார். இவர் மூன்று மனு எழுதியிருக்கிறார், அவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும் என்று மானேஜரிடம் சொன்னார். இரண்டே வரியில் கடிதம் வந்தது. என் துணைவியார் பாத்திரங்களை வெளியில் எடுத்தார்.

பின்னர்ப் பெட்டியைப் பராமரிக்க வேறொருவர் வந்தார். அம்மையாருக்கு என்ன நேர்ந்தது என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்கு மாறிவிட்டார். ஆனால், அதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பதில் கடிதம் வந்த அன்று மாலையில் அம்மையார், கம்பத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டார். வேலை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. என் பெயரோ இன்னும் ஆற்றின் கீழ்ப்புறத்தில் கெட்டுக் கிடந்தது. அதை அவர் நினைவில் வைத்திருந்தார். பாக்சிக்கின் வீட்டு முன்புறத்துக்குப் போனோம். வலையைப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. அம்மையார் நின்றபடியே, மலாயில், அறிக்கையில் இருந்த யாவற்றையும் எளிய சொற்களில் சொன்னார்.

முதியவர் என்னைச் சுட்டிக் காட்டி, "ஜாடி, புக்கான் டியா?" என்றார். அப்படியானால், இவன் இல்லையா என்று கேட்கிறார்.

"புக்கான் டியா, பாக்சிக். சாயா" என்றார் அம்மையார். இவர் இல்லை, நான்.

முதியவர் உள்ளே போய் ஒரே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து என் முன்னே போட்டார். நான் தயங்கினேன். அம்மையார் கண்ணால் சைகை காட்ட, அமர்ந்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். முதியவர் அவரைக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். எத்தனை முறை இப்படி நடந்தது, இனியும் நடக்குமா, குளத்து நீர் எப்போது தெளியும், இது உனக்கு முன்பே தெரியாதா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை. செத்த மீனுக்கு நிர்வாகம் என்ன செய்யும் என்று கடைசியில் கேட்டார். அது தமக்குத் தெரியாது என்றும், கேட்டுக்கொண்டு வியாழக்கிழமை தாமே நேரில் வந்து சொல்வதாகவும் அம்மையார் கூறினார்.

முதியவர் அவரை நம்பலாமா வேண்டாமா என்பதுபோல் பார்த்தார். பிறகு, நாற்காலியில் இருந்த என் பக்கம் குனிந்து, சில நாளுக்கு முன் என்னை ஏசிய அதே வாயால், தாழ்ந்த குரலில் கேட்டார்: இந்தப் பெண் வருவாளா?

வருவார் என்றேன்.